நாற்பத்தொரு சாமிகளும் ஒரு மோதிர விரலும்

தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்காத மனிதர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆனால் அழைத்த தெய்வங்கள் அத்தனையும் காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்து, தொழிலாளர் வழக்கை விசாரிக்கும் தொழில் கந்தோரின் படியேறி, மரவாங்கில் வரிசையாக இருந்து சாட்சி சொன்னது என் ஒருவனுக்குத்தான். ஒன்றல்ல, இரண்டல்ல, நாற்பத்தொரு சாமிகள். பிள்ளையார் பதினொரு பேர், முருகன் ஒன்பது, லட்சுமி எட்டு, அந்தோனியார் ஐந்து, மாதா மூன்று. மிச்சம் ஐந்தும் வைரவர், நாகதம்பிரான் போன்ற உதிரிகள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும்போதுதான் கொஞ்சம் சுணங்கியது. நாலு கை உள்ளவர்களுக்கு எந்தக் கையால் வைப்பது என்று குழப்பம்.

கோப்பாய்ச் சந்தியில் கந்தப்புவின் தேத்தண்ணிக் கடையில் இதை நான் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் சிரிப்பார்கள். ஒருவன் மட்டும் சிரிக்க மாட்டான்.

"மார்க்கண்டு புளுகன். ஒண்டும் நடக்கேல்லை" என்பான் சூசைதாசன். பிளேன்ரீயைப் பார்த்தபடிதான் சொல்வான், என்னைப் பார்த்தல்ல.

சூசை என்னோடு ஒன்றாகப் படித்தவன். குருநகர்க்காரன், கத்தோலிக்கன். இந்த ஆடி மாதம் வரை கோபிசங்கரின் கறித்தூள் கொம்பனியில் காசாளராக இருந்தவன். எல்லாக் கதையும் அந்தக் கொம்பனியில்தான் தொடங்குகிறது.

கோபிசங்கரிடம் சூசையைத் தவிர நாற்பத்துமூன்று பேர் வேலை செய்தார்கள், அநேகமாக எல்லாரும் பெண்கள். மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்துப் பைக்கற்றில் அடைத்துக் கனடாவுக்கு அனுப்புவது தொழில். அங்கே வாங்குகிற கொம்பனி திடீரென்று ஒரு நிபந்தனை போட்டது. தொழிலாளருக்கு நிதி அறிவூட்டல் நிகழ்ச்சி நடத்த வேண்டும், எட்டு வகுப்பு, படமும் எடுத்து அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஓடர் இல்லை. கோபிசங்கர் என்னிடம் ஓடி வந்தான். நான் வங்கியின் அடகுப் பகுதியில் முப்பத்துநாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணைக் கட்டிவிட்டாலும், கையில் ஏந்திப் பார்த்தே இது இன்னாருடைய தாலிக்கொடி என்று சொல்லுவேன். வலிகாமத்தில் பாதித் தாலிக்கொடிகளைச் சொல்லுவேன். சரி, கால்வாசி.

"அங்கிள், பெரிசா ஒண்டும் வேண்டாம்" என்றான் கோபிசங்கர். "சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் சேமிப்பைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கோ. சம்பளத்தைப் பற்றி மட்டும் கதைக்க வேண்டாம்."

"சம்பளத்தைப் பற்றிக் கதையாமல் சேமிப்பைப் பற்றி என்னண்டு தம்பி கதைக்கிறது?"

"ஏலும் அங்கிள். கனடாவிலை இருந்து வந்த புத்தகத்திலை அப்பிடித்தான் இருக்கு."

வகுப்புக்கு இரண்டு பைக்கற் கறித்தூள் கூலி என்று பேசினோம். ஒன்று சரக்குத்தூள், ஒன்று மிளகாய்த்தூள்.

வகுப்பு நடந்தது பொதி செய்கிற அறையில். மிளகாய்த்தூள் காற்றோடு காற்றாக இருக்கிற இடம். முதல் நாள் நான் தும்மிய தும்மலில் வெண்பலகை இரண்டடி பின்னால் போனது. கனடாப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒரு பன்றி, முதுகில் வெட்டு, வெட்டுக்குள் காசு.

"சேர், உண்டியலுக்குப் பண்டியோ?" என்று கேட்டாள் ஜெசிதா. சூசையின் ஊர்ப் பெண், இருபத்தாறு வயது, வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

"பண்டியை விடு பிள்ளை, வட்டத்தைப் பார்" என்றேன். புத்தகத்தில் இருந்தபடி பலகையில் ஒரு வட்டம் கீறி மூன்றாகப் பிரித்தேன். தேவை, விருப்பம், சேமிப்பு.

"சாமத்தியவீடு இதுக்குள்ளை எங்கை சேர் வரும்?"

"விருப்பம்."

"விருப்பமோ? மச்சாளின்ரை பெட்டை பெரிசானதுக்கு ஐயாயிரம் கவரிலை வைச்சுக் குடுக்காட்டி நான் அந்த ஒழுங்கையாலை நடந்து போகேலாது. அது தேவை."

செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டி தேவையானது. கோயில் உபயம் தேவையானது. தேவை பெருத்துப் பெருத்து, வட்டத்தை விழுங்கி, பலகையைத் தாண்டிச் சுவருக்குப் போனது. சேமிப்புக்கு ஒரு மஞ்சள் துண்டளவு இடம் மிஞ்சியது. எனக்குப் பரம சந்தோஷம். ஓய்வு பெற்று ஏழு வருடத்தில் இவ்வளவு சிரித்ததில்லை.

வகுப்பு முடிகிற நேரம் அருமைநாயகி எழுந்தாள். பொதி செய்யும் பகுதியின் பொறுப்பாளர். ஐம்பத்துநாலு வயது, கொம்பனி தொடங்கிய 2010 தை மாதத்திலிருந்து அங்கேதான். வட்டுக்கோட்டைப் பக்கம் படித்து ஓ.எல். சோதனை சித்தியடைந்தவள். மற்றவர்கள் என் கூத்தைப் பார்க்க, அவள் மட்டும் ஓரத்தில் கோடு போட்ட கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சேர், இப்ப நான் வேலையை விட்டால் பணிக்கொடை எவ்வளவு வரும்?"

"சம்பளம் எவ்வளவு, தங்கச்சி?"

"முப்பத்திரண்டாயிரம்."

கதைக்க வேண்டாம் என்ற சம்பளம் கதவால் உள்ளே வந்துவிட்டது. நான் விடுவேனா? வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், பதினாறாயிரம். முடிந்த வருடம் பதினைந்து. இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் என்று பலகையில் எழுதி அடியில் இரட்டைக் கோடு போட்டேன்.

வகுப்பு முடிந்து நான் சைக்கிளை எடுக்கும்போது பின்னால் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள். புருஷனின் இருதய வருத்தத்துக்கு வீட்டோடு இருக்கும் இரண்டு பரப்புக் காணியை ஒருவருக்கு அறுதியாக எழுதிக் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறாள். கார்த்திகை விளக்கீட்டுக்குள் வட்டியோடு இரண்டு இலட்சத்து முப்பத்தாறாயிரம் வைத்தால் காணி உறுதியைத் திருப்பி எழுதித் தருவதாகப் பேச்சு. வைக்காவிட்டால் காணி அவருடையது. புருஷன் போன வருடமே போய்விட்டார். வீடாவது மிஞ்ச வேண்டும்.

"நாலாயிரம் மிஞ்சும் சேர்" என்று சிரித்தாள். "அதிலை உங்களுக்கு ஒரு வேட்டி."

திங்கட்கிழமை காலை அவள் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாள், ஒரு மாத முன்னறிவித்தலோடு. என் ஆயுளில் நான் போட்ட கணக்குகளில் ஒரு சதமும் பிசகாத கணக்கு அது. கணக்குச் சரி. அந்தக் கணக்கை நம்பியதுதான் பிழை.

மூன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் வீட்டுவேலை கொடுத்தேன். வீட்டில் காசு சம்பந்தமாக என்ன கடுதாசி இருந்தாலும் கொண்டு வர வேண்டும். நாலாம் வகுப்புக்கு வந்தன பாருங்கள், சொப்பிங் பாக் நிறைய! லைற் பில், அடகுத் துண்டு, குழுக்கடன் அட்டை, ஒருத்தி தன் கலியாண ஓலைகூடக் கொண்டு வந்தாள், "இதாலைதான் சேர் எல்லாச் செலவும் தொடங்கினது" என்று.

அருமைநாயகி கடிதங்களைத் தொடுத்த ஒரு கோவை கொண்டு வந்தாள். நீல மட்டை. வருட ஒழுங்கு, ஓரத்தில் இலக்கம், முன்னால் அட்டவணை. நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

"பாருங்கோ பிள்ளையள்! கடுதாசி எண்டால் இப்பிடி இருக்கவேணும். வாசிக்கவேணும், கையெழுத்து வைக்கவேணும், பிரதி ஒண்டு வைச்சிருக்கவேணும். தட்டுங்கோ கையை!"

நாற்பத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். கோபிசங்கரின் ஆள் கனடாவுக்கு அனுப்பப் படம் எடுத்தான். அருமைநாயகி வெட்கத்தோடு சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் கோவையைத் திறந்து முதற் கடிதத்தை வாசித்தேன். ஆங்கிலக் கடிதம். இரண்டாவதையும் வாசித்தேன், அதே கடிதம், அடுத்த வருடம். பதினைந்து கடிதம். கைதட்டல் இன்னும் நிற்கவில்லை.

கடிதம் சொன்னது இவ்வளவுதான். உங்கள் சேவைக்காலம் ஏப்ரல் பன்னிரண்டாம் திகதியோடு முடிகிறது, ஏழு நாள் இடைவெளியின் பின் புதிதாக நியமிக்கப்படுகிறீர்கள், சம்மதம் என்றால் பிரதியில் கையெழுத்திட்டுத் திருப்பித் தரவும். அதாவது கொம்பனியின் கணக்கில் அவள் பதினைந்து வருடம் வேலை செய்தவள் அல்ல. ஒரு வருடம் வேலை செய்து விட்டுப்போய், திரும்பவும் ஒரு வருடம் வேலை செய்து விட்டுப்போனவள். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் தொடர்ச்சி வேண்டும். அவளிடம் ஒன்றுகூட இல்லை.

"இது எல்லாருக்கும் தந்ததோ?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஒரு கடுதாசியும் தரேல்லை சேர்" என்றாள் ஜெசிதா. "வருஷப்பிறப்புக்குக் கைவிசேஷக் காசு கவரிலை வைச்சுத் தாறவை. அவ்வளவுதான்."

"எனக்கும் கைவிசேஷக் கவருக்குள்ளைதான் வந்தது" என்றாள் அருமைநாயகி.

அறையில் மிளகாய்த் தும்மல்கூட நின்றது.

"பிள்ளை ஜெசிதா, உன்ரை கவர் எல்லாம் எங்கை?"

"அந்தோனியாருக்குப் பின்னாலை."

"உடைக்கேல்லையோ?"

"கைவிசேஷத்தை உடைக்கிறதோ? சேருக்கு விசரோ?"

கோபிசங்கரைக் கெட்டிக்காரன் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நல்ல நேரத்தில் வெற்றிலையோடு இரண்டு கையாலும் வாங்கிய கைவிசேஷத்தைத் தந்தவன் முன்னால் பிரித்துப் பார்க்கிறவர் எங்கள் ஊரில் இல்லை. அதைச் செலவழிக்கிறவரும் இல்லை. அதிலும் அவன் கொடுக்கும் கவரின் வாயில் சந்தனப் பொட்டு இருக்கும். "பொட்டை உடைக்காமல் சாமிப்படத்துக்குப் பின்னாலை வையுங்கோ, வருஷம் முழுக்கக் காசு புழங்கும்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுத்தது காசாளர் சூசை. உள்ளே ஒரு நூறு ரூபாயும் ஒரு கடிதமும். கடிதம் கொடுத்தாயிற்று என்று கொம்பனி சொல்லலாம், ஆனால் வாசிக்க ஒருவரும் இல்லை.

வாசித்த ஒருத்திதான் அருமைநாயகி. முதல் வருடமே சூசை அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான், "நீர் மற்றப் பெண்டுகள் மாதிரி இல்லை, படிச்சனீர். உடைச்சு, வாசிச்சு, கையெழுத்து வைச்சுத் தாரும். எல்லாம் ஒரு சம்பிரதாயம்தான்." கொம்பனிக்கு ஒரு முன்மாதிரிக் கையெழுத்துத் தேவைப்பட்டிருக்கிறது. எல்லாரும் வைக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். எங்கள் ஊரில் தன் கடுதாசிக் கதையை ஒருவர் மற்றவரிடம் கதைப்பதில்லையே.

கைதட்ட வைத்தவன் நான். வேலையை விட வைத்த கணக்கும் என்னுடையது. வேலையை விடக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறலாமா என்று அவள் கேட்டபோது கோபிசங்கர் முடியாது என்றுவிட்டான். அதனால்தான் தொழில் கந்தோருக்குப் போனோம்.

கவர்களைக் கழற்றிக்கொண்டு வாருங்கள் என்றேன். ஜெசிதா விடவில்லை.

"கழட்டினால், பிறகு நாங்கள் உடைச்சு ஒட்டினதெண்டு சொல்லுவினம் சேர். படத்தோடையே கொண்டு போவம்."

அப்படித்தான் நாற்பத்தொரு சாமிகளும் பஸ் ஏறினார்கள். நாற்பத்துமூன்றில் ஒருத்தி அருமைநாயகி. இன்னொருத்தி, நாடே பால்மாவுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் எல்லாக் கவரையும் உடைத்துக் காசை எடுத்துக் கடுதாசியை அடுப்பில் வைத்து, பிறகு வந்ததையும் அப்படியே செய்தவள். மிச்ச நாற்பத்தொரு படங்களும் தொழில் கந்தோர் வாங்கிலும் மேசையிலும் சுவரோரமும் நின்றன. கண்டக்டர் பிள்ளையார்களுக்கு ரிக்கற் கேட்டான் என்று நான் சொல்வதை வேண்டுமானால் நம்பாதீர்கள்.

விசாரணை அதிகாரி ஒரு நிதானமான பெண். ஒவ்வொரு படமாகத் திருப்பி, கவரை எடுத்து, பொட்டைக் கத்தியால் கீறித் திறந்தா. முந்நூறுக்கு மேற்பட்ட கவர். அறை முழுக்கக் கற்பூரமும் பழைய சந்தனமும் மணத்தன. ஒவ்வொன்றிலும் கையெழுத்து வைக்காத கடிதம் இருந்தது. சம்மதம் இல்லை, ஆகவே இடைவெளியும் இல்லை. கோபிசங்கரின் சட்டத்தரணி மூன்றாம் அந்தோனியாரோடு வாயை மூடினார். நாற்பத்தொரு பேருக்கும் சேவை தொடர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். பொட்டை உடைக்காதவர்கள் வென்றார்கள்.

பிறகு நீலக் கோவை மேசைக்கு வந்தது.

"கையெழுத்து உங்கடைதானோ அம்மா?"

"ஓம்."

"வாசிச்சிட்டுத்தான் வைச்சனீங்களோ?"

"ஓம், வாசிச்சனான்." அருமைநாயகிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆனால் அந்த ஏழு நாளும் நான் வீட்டிலை நிக்கேல்லை. ஒவ்வொரு வருஷமும் கொம்பனி பூட்டியிருக்கேக்கை நானும் சூசையண்ணையும்தான் சரக்கு எண்ணி இருப்பு எடுக்கிறது. இந்தக் கவருக்கெல்லாம் பொட்டு வைச்சதும் நான்தான், வருஷப்பிறப்பு அண்டு விடியக்காலமை."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தா. அந்த நாட்களில் வேலை செய்தது உண்மையென்றால் கையெழுத்துக்குப் பெறுமதி இல்லை, யாராவது கண்டவர் உண்டா என்று கேட்டா. கண்டவன் ஒருவன்தான். கொம்பனிப் பூட்டின் திறப்பு வைத்திருந்தவன். கோபிசங்கரின் பக்கத்துக் கதிரையில் இருந்தான். அவனும் அந்த மாதம் ஓய்வு பெறுகிறவன். அவனுடைய பணிக்கொடைக் காசோலை கோபிசங்கரின் மேசை லாச்சிக்குள் கையெழுத்தில்லாமல் கிடந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"அவ வரேல்லை" என்றான் சூசைதாசன். "இருப்பு நான் தனியத்தான் எடுத்தனான்."

"அப்ப பொட்டு?"

"அதுவும் நான்தான் வைச்சனான்."

அருமைநாயகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "சூசையண்ணை" என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

புதிய சாட்சி கிடைத்தால் திரும்பப் பார்க்கலாம் என்று அதிகாரி கோவையை மூடினா. அடுத்த கிழமை சூசையின் காசோலைக்குக் கையெழுத்து வந்தது. கார்த்திகை விளக்கீடு அன்று ஊரெல்லாம் வாசலில் விளக்கு எரிய, அருமைநாயகி ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் கட்டிலையும் அலுமாரியையும் ஏற்றினாள். இப்போது இன்னொருவர் வீட்டின் பின்பக்கம் ஒரு அறை வாடகைக்கு. நாள் கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போகிறாள். கனடாக் கொம்பனியின் இணையத்தில் அவளுடைய படம் இருக்கிறது, நீலக் கோவையோடு, எல்லாரும் கைதட்ட. "எங்கள் நிகழ்ச்சியால் வாழ்வு மாறிய பெண்" என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பதினாறு பைக்கற் தூள் வந்து சேர்ந்தது. இன்னும் ஒன்றையும் உடைக்கவில்லை.

அதன் பிறகுதான் நான் கந்தப்புவின் கடையில் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஒவ்வொரு பின்னேரமும், சூசை வருகிற நேரம் பார்த்து. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஊதினேன். சாமிகள் தேத்தண்ணி கேட்டார்கள் என்றேன். முருகனின் மயில் அதிகாரியின் மேசையில் எச்சமிட்டது என்றேன். கடை சிரிக்கும். "ஒண்டும் நடக்கேல்லை" என்பான் அவன். நாளுக்கு நாள் குரல் இறங்கிக்கொண்டு வந்தது.

போன வெள்ளிக்கிழமை ஒரு புதுக் கவர் வாங்கிக்கொண்டு போனேன். கந்தப்பு தன் கடைப் பிள்ளையாருக்குக் குழைத்த சந்தனம் மேசையில் இருந்தது.

"சூசை, நான் தோத்துப்போனன்" என்றேன். "நான் புளுகன். முந்நூறு கவருக்கும் நீதான் பொட்டு வைச்சனி. ஒண்டே ஒண்டு வைச்சுக் காட்டு. இண்டைக்கு எல்லாற்றை தேத்தண்ணியும் என்ரை காசு."

"உவனுக்கு வேலையில்லை" என்றான். ஆனால் கடை முழுக்க அவனைப் பார்த்தது. "வையுமன் அண்ணை, ஓசித் தேத்தண்ணி" என்று யாரோ உசுப்பினார்கள். அவன் எரிச்சலோடு கையை நீட்டி, சந்தனத்தைத் தொட்டு, கவரின் வாயில் அழுத்தினான்.

கந்தப்பு வாய்விட்டுச் சிரித்தான். "எடேய், சுட்டு விரலாலையோ பொட்டு வைக்கிறது? ஆருக்கடா மிரட்டல் விடுறாய்? மோதிர விரலாலையெல்லே!"

கவரின் வாயில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு மஞ்சள் அப்பியிருந்தது. நான் சேட் பைக்குள்ளிருந்து ஜெசிதாவின் அந்தோனியாருக்குப் பின்னால் இருந்த கவர் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில், அதிகாரியின் கத்தி கீறிய கோட்டோடு, பயறளவு பொட்டு. சுற்றிவர ஒரே அளவு. ஓரத்தில் கோடு போட்டு எழுதுகிறவளின் பொட்டு.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். என் வாழ்க்கையில் கையில் கதை இருந்தும் ஊதாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான்.

சூசை விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்தான். மஞ்சள் போகவில்லை. திரும்பவும் துடைத்தான்.

"மயில் எச்சமிட்டது புளுகு" என்றான்.

"ஓம்" என்றேன்.

"சாமியள் வந்தது மெய். அண்டைக்கு உதுகள் எல்லாம் வாங்கிலை இருந்து என்னைத்தான் பாத்ததுகள். எங்கடை அந்தோனியார் அஞ்சு பேரும் பாத்தவை." பிளேன்ரீ ஆறிப்போயிருந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "பொட்டு அவதான் வைச்சவ, மார்க்கண்டு. ஒவ்வொரு வருஷமும் விடிய ஆறு மணிக்கு நான்தான் கேற்றைத் திறந்துவிடுறது. ஏழு நாளும் வந்தவ. இருப்புக் கொப்பியிலை அவவின்ரை எழுத்து இருக்கு, அந்தக் கொப்பி என்ரை வீட்டிலை இருக்கு. நடந்தது. எல்லாம் நடந்தது."